டாங்கிக்குள்ள எத்தனை பேரு?

மொட்டை மாடியில கருப்பா உக்காந்திருக்கறது டேங்க். ஊருக்கு வெளிய இருக்கற ஏரியும் வெள்ளைக்காரன் எழுதி வெச்ச பழைய ரெக்கார்டுகள்ல டேங்க் தான். இரும்புப் பட்டையில ஊர்ந்து வந்து குண்டு போடுதே, அதுவும் டேங்க். மூணுக்கும் என்னய்யா சம்பந்தம்னு யாராச்சும் யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிச்சேன். ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு வாரம். :)

விடை 1915-ல இருக்கு மக்களே. முதல் உலகப்போர் நேரம். பிரான்ஸ்ல ரெண்டு பக்கமும் பதுங்குகுழி வெட்டி, நடுவுல முள்கம்பியைப் போட்டு, மெஷின் கன்னை நட்டு வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. எந்திரிச்சவன் செத்தான். இந்த முட்டுக்கட்டையை உடைக்கறதுக்காக, அப்ப பிரிட்டன்ல கடற்படை அமைச்சரா இருந்த சர்ச்சில், 1915 பிப்ரவரியில ஒரு கமிட்டி போட்டார். பேரு 'தரைக்கப்பல் கமிட்டி'. கடற்படைக்காரர் இல்லையா, தரையில ஓடறதும் அவருக்குக் கப்பல் தான்.

லிங்கன்ங்கற ஊர்ல விவசாய எந்திரம் செஞ்சுக்கிட்டு இருந்த ஒரு கம்பெனி தான் இதைத் தயாரிச்சது. ரகசியம் வெளிய போயிடக் கூடாதுன்னு, இது தண்ணி கொண்டு போற வண்டின்னு கதை கட்டி விட்டாங்க. ஆனா 'வாட்டர் கேரியர்'னு எழுதினா சுருக்கமா டபிள்யூ.சி. ஆயிடும். கக்கூஸ் கமிட்டின்னு பேர் வாங்க யாருக்கு ஆசை? அதனால தான் 'டேங்க்'னு மாத்தினாங்கன்னு ஒரு கதை உண்டு. அந்த 'டேங்க்'ங்கற சொல்லே குஜராத்தி, மராத்தி பக்கத்துல இருந்து இங்கிலீஷுக்குப் போச்சுன்னு ஒரு கட்சி, போர்த்துகீசியத்துல இருந்து போச்சுன்னு இன்னொரு கட்சி. எப்படியோ, தண்ணித் தொட்டியோட பேரு இரும்பு வண்டிக்கு ஒட்டிக்கிச்சு. தமிழ்ல நாம அதை 'டாங்கி' ஆக்கி தண்ணியில இருந்து பிரிச்சுட்டோம். இந்தத் தண்ணி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி திரும்ப வரும்.

*

இப்ப கொஞ்சம் கொசுவத்தி.

எனக்கு டாங்கி அறிமுகமானது காமிக்ஸ்ல. எங்க மாமா வீட்டுப் பரண்ல ஒரு தகரப் பெட்டி. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ்னு மேல ஒரு அடுக்கு. இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி எல்லாரும் சிவகாசித் தமிழ் பேசினாலும் பொறந்தது பிரிட்டன்லங்கறது நம்ம காமிக்ஸ் ஆளுங்களுக்குத் தெரியும். அதுக்குக் கீழ அதே பிரிட்டன்ல பொறந்த இன்னொரு ஜாதி இருந்துச்சு. உள்ளங்கையை விட கொஞ்சம் பெரிசா, பழைய புத்தகக் கடையில மாமா பொறுக்கிக்கிட்டு வந்த இங்கிலீஷ் போர் காமிக்ஸ். 1958-ல ஃப்ளீட்வே கம்பெனி ஆரம்பிச்ச 'வார் பிக்சர் லைப்ரரி' கொஞ்சம், 1961-ல ஸ்காட்லாந்தோட டண்டீ நகரத்துல இருந்து டி.சி. தாம்ஸன் ஆரம்பிச்ச 'கமாண்டோ' நிறைய.

அட்டையில மட்டும் கலர் ஓவியம், உள்ள கருப்பு வெள்ளை. ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு கட்டம். எனக்கு அப்ப இங்கிலீஷ் சுமார் தான், ஆனா ஜெர்மன் நல்லா வந்துச்சு! "ஆக்டுங்!", "டோனர்வெட்டர்!". ஸ்கூல்ல எவனாச்சும் பென்சிலைப் பிடுங்கினா "ஆக்டுங்!"னு கத்தற அளவுக்குத் தேறிட்டேன்.

அந்தக் கதைகள்ல டாங்கின்னா ராட்சசன். சுவரை இடிச்சுக்கிட்டு வரும். மரம் சாயும். நம்ம ஹீரோ, தாடையில ஒரு வெட்டுத் தழும்போட இருக்கற சார்ஜென்ட், ஒரே தாவு தாவி மேல ஏறி மூடியைத் தூக்கி உள்ள ஒரு கையெறி குண்டைப் போடுவார். 'பூம்'. அடுத்த கட்டத்துல கருப்புப் புகை. அதுக்கு அடுத்த கட்டத்துல சார்ஜென்ட் சிகரெட் பத்த வைப்பார். கணக்கு நோட்டோட கடைசிப் பக்கம் பூரா நான் அந்தப் புகையை வரைஞ்சு தள்ளியிருக்கேன்.

மூடிக்குக் கீழ என்ன இருந்துச்சுன்னு நான் ஒரு தடவை கூட யோசிச்சதில்ல. இன்ஜினியரிங் முடிச்சு, வேலைக்கு வந்து, ராத்திரி தூக்கம் வராம போர் வரலாறா படிக்க ஆரம்பிச்சப்ப தான், ஒவ்வொரு டாங்கிக்கும் புத்தகத்துல முதல் வரியிலயே ஒரு விவரம் போட்டிருக்கறது கண்ணுல பட்டுச்சு. 'குழு: 5 பேர்', 'குழு: 4 பேர்'னு. எடை, பீரங்கி, வேகம் எல்லாம் அதுக்குப் பின்னாடி தான். அந்த எண்ணைப் பிடிச்சுக்கிட்டே டாங்கியோட வரலாற்றைச் சொல்லிப் பாக்கலாம்னு தோணுச்சு. அது தான் இந்தப் பதிவு.

*

எட்டு பேர்.

1916 செப்டம்பர் 15. பிரான்ஸ்ல சோம் போர்க்களம், ஃப்ளெர் கிராமத்துப் பக்கம். உலகத்துல முதல் தடவையா டாங்கி சண்டைக்கு வருது. பேரு மார்க்-1. எடை 28 டன். பிரிட்டிஷ்காரங்க கையில இருந்தது 49. கிளம்பற இடத்துக்கு ஒழுங்கா வந்து சேர்ந்ததே முப்பதைச் சொச்சம் தான். மத்ததெல்லாம் வழியிலயே படுத்துக்கிச்சு. நம்ம பாஷையில சொன்னா டெஸ்டிங் முடியறதுக்குள்ள ப்ரொடக்ஷனுக்கு அனுப்பின கேஸ்.

உள்ள எட்டு பேர். அவங்களோட அதே அறையில, நட்ட நடுவுல, மூடி கீடி எதுவும் இல்லாம 105 குதிரைசக்தி எஞ்சின். சூடு 50 டிகிரி வரைக்கும் ஏறும். பெட்ரோல் நாத்தம், வெடிமருந்துப் புகை, கார்பன் மோனாக்சைடு. சில பேர் வெளிய வந்ததும் மயங்கி விழுந்திருக்காங்க. வண்டியைத் திருப்பணும்னா நாலு பேர் சேர்ந்து வேலை செய்யணும். எஞ்சின் சத்தத்துல பேசினா காதுல விழாது, அதனால தட்டியும் கையை ஆட்டியும் தான் சமிக்ஞை. வெளிய தகவல் சொல்ல புறா! ஆமாங்க, இரும்பு வண்டிக்குள்ள கூண்டுல புறா வெச்சிருந்தாங்க. வெளிய தோட்டா பட்டா உள்பக்கத்துல இருந்து சின்னச் சின்ன இரும்புத் துணுக்கு தெறிக்கும். அதுக்காக மூஞ்சிக்கு இரும்புச் சங்கிலி தொங்கற முகமூடி கொடுத்தாங்க. வேகம்? சமதரையில மணிக்கு 6 கிலோமீட்டர். நம்ம நடைப்பயிற்சி மாமாக்கள் ஓவர்டேக் பண்ணிட்டுப் போயிடலாம்.

அடுத்த வருஷம், 1917 நவம்பர் 20, கேம்ப்ரே. இந்தத் தடவை 476 டாங்கிகள். ஜெர்மன் வரிசையை உடைச்சுக்கிட்டு உள்ள போனாங்க, லண்டன்ல மணியடிச்சுக் கொண்டாடினாங்க. ஆனா அந்த ஒரே நாள்ல 179 டாங்கி காலி. அதுல எதிரி அடிச்சது 65. பாக்கி 114-ம் எஞ்சின் கோளாறுல நின்னது, இல்லன்னா பள்ளத்துல சிக்கினது. காமிக்ஸ்ல ஒரு டாங்கியாச்சும் 'ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது சார்'னு நின்னு பாத்திருக்கீங்களா?

*

நாலு பேர்.

1940 மே. ஜெர்மனி பிரான்ஸ் மேல பாயுது. ஜெர்மன்காரன் கிட்ட டாங்கி ஜாஸ்தி, அதனால தான் ஜெயிச்சான்னு நான் ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். எண்ணிக்கையில பிரான்ஸ் கையில தான் அதிகம். கனத்துலயும் அப்படித்தான். பிரெஞ்சு 'ஷார் பி-1' டாங்கியோட முன்னாடி ஜெர்மன் பீரங்கிகள் பலதும் பொட்டு வெடி மாதிரி. மே 16-ல ஸ்டோன் கிராமத்துல, கேப்டன் பியர் பில்லோட்டோட ஷார் பி-1 தனியா உள்ள புகுந்து 13 ஜெர்மன் டாங்கியை அடிச்சுட்டுத் திரும்பி வந்துச்சு. அது மேல விழுந்த அடி 140. ஒண்ணு கூட உள்ள நுழையல.

அப்புறம் ஏன் தோத்தாங்க? தளபதிகளோட திட்டக் கோளாறு பெரிய காரணம். கூடவே இன்னொண்ணு, சுழல் கோபுரத்துக்குள்ள எத்தனை பேர்ங்கறது. ஷார் பி-1-ல மொத்தம் நாலு பேர், ஆனா கோபுரத்துக்குள்ள ஒரே ஒருத்தர். அவரே தான் கமாண்டர். எதிரி எங்கன்னு பாக்கணும், குண்டைப் போடணும், குறி பாக்கணும், சுடணும், டிரைவருக்கு வழி சொல்லணும். முக்கால்வாசி டாங்கிகள்ல ரேடியோவும் கிடையாது. ஜெர்மன் பான்சர்-3-ல கோபுரத்துல மூணு பேர். ஒருத்தன் குண்டு போட, ஒருத்தன் சுட, கமாண்டர் சுத்துமுத்தும் பாத்து யோசிக்கறதுக்கு மட்டும். காதுல ரேடியோ வேற. டீம்ல ஒரே ஆள் தலையில டெவலப்மென்ட், டெஸ்டிங், சப்போர்ட் எல்லாத்தையும் கட்டினா என்ன ஆகும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

*

அஞ்சு பேர்.

காமிக்ஸ் ரசிகர்களோட செல்ல வில்லன் டைகர் டாங்கி. 57 டன், 88 மி.மீ. பீரங்கி, உள்ள அஞ்சு பேர். நான் படிச்ச கதைகள்ல பாதியில டைகர் வரும். நிஜத்துல முழு யுத்தத்துக்கும் சேர்த்து செஞ்ச டைகர்-1 சுமார் 1350 தான். அமெரிக்கா தயாரிச்ச ஷெர்மன் 49,000-க்கு மேல. சோவியத் டி-34 அதை விட ஜாஸ்தி. அன்னிக்குக் களத்துல இருந்த சிப்பாய்களுக்கே தூரத்துல தெரியற ஜெர்மன் டாங்கி எல்லாம் டைகராத்தான் தெரிஞ்சதாம். காமிக்ஸ்காரங்களை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண?

டைகரோட சக்கரங்கள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாப்பல இருக்கும். பாரம் சீரா பரவும், ஓட்டம் சுகமா இருக்கும். ஆனா ரஷ்யக் குளிர்ல நடுவுல மாட்டின சேறு ராத்திரி உறைஞ்சு, காலையில சக்கரமே சுத்தாது. உள்பக்கத்துச் சக்கரம் ஒண்ணைக் கழட்டணும்னா வெளிய இருக்கற பலதையும் கழட்டணும்.

ஷெர்மன்லயும் அஞ்சு பேர். அடி பட்டா குப்புன்னு பத்திக்கும்னு கெட்ட பேர். பெட்ரோல் எஞ்சின் தான் காரணம்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆராய்ஞ்சு பாத்தா, முக்கியமான காரணம் உள்ள அடுக்கி வெச்சிருந்த குண்டுகள். அப்புறம் குண்டுகளை அடித்தளத்துக்கு இறக்கி, அந்தப் பெட்டிகளைச் சுத்தி தண்ணி நிரப்பினாங்க. தீப்பிடிக்கறது கணிசமா குறைஞ்சுது. டேங்குக்குள்ள தண்ணி! 1915-ல விட்ட புரளி 1944-ல ஓரளவு நிஜமாச்சு. அதனால எத்தனை பேர் உசிரோட வெளிய வந்தாங்களோ, அவங்க கதையை எந்தக் கட்டத்துலயும் நான் பாக்கல.

*

திரும்பவும் தண்ணி. இந்தத் தடவை நம்ம நாட்டுல.

அந்தக் காமிக்ஸ்கள்ல பாலைவனக் கதைகள் நிறைய வரும். ரோமல், மணல், ஒட்டகம். இரண்டாம் உலகப்போர்ல இந்திய ராணுவத்துல 25 லட்சம் பேர் இருந்தாங்க. செங்கழுகுச் சின்னம் போட்ட 4-வது இந்திய டிவிஷன் வட ஆப்பிரிக்காவுல ரோமலோட மோதியிருக்கு. என் கையில கிடைச்ச புத்தகங்கள்ல தலைப்பாகை கட்டின ஒரு சிப்பாய் எப்பவாச்சும் ஒரு ஓரத்துல நிப்பார், அவ்வளவு தான்.

அதே டிவிஷன், 4-வது மலை டிவிஷன்னு பேர் மாறி, 1965 செப்டம்பர்ல பஞ்சாப்ல கேம்கரன் பக்கத்துல நின்னுச்சு. எதிர்ல பாகிஸ்தானோட முதல் கவச டிவிஷன், கையில அமெரிக்கா கொடுத்த பாட்டன் டாங்கிகள். நம்ம பக்கம் செஞ்சுரியன் கொஞ்சம், கூடவே உலகப்போர் காலத்து ஷெர்மன்கள். டெக்கான் ஹார்ஸ் ரெஜிமென்ட் 1945-ல பர்மாவுல ஷெர்மன் வெச்சுத்தான் ஜப்பான்காரங்களோட சண்டை போட்டுச்சு. இருபது வருஷம் கழிச்சும் கையில ஷெர்மன் தான்.

நேருக்கு நேர் நின்னா சிரமம். அதனால பின்வாங்கி, அஸல் உத்தர் கிராமத்தைச் சுத்தி குதிரை லாடம் மாதிரி ஒரு வளையம் போட்டாங்க. கரும்புத் தோட்டத்துக்குள்ள டாங்கிகளை ஒளிச்சு வெச்சு, வாய்க்காலை உடைச்சு வயல்ல தண்ணியை விட்டாங்க. வந்த பாட்டன்கள் சேத்துல தடுமாறிச்சு. அதோட தூரமானி நவீனமானது தான், ஆனா நல்லா பழகினவங்களுக்குத்தான் கை கொடுக்கும். செப்டம்பர் 8-ல இருந்து 10 வரைக்கும் நடந்த சண்டையில, இந்தியத் தரப்புக் கணக்குப்படி பாகிஸ்தான் இழந்தது 97 டாங்கிகள். அவ்வளவு பாட்டன்களையும் கொண்டு வந்து நிறுத்தின இடத்துக்கு 'பாட்டன் நகர்'னே பேர் வெச்சாங்க. ஏரிப் பேரை வெச்சுக்கிட்டு வந்த வண்டியை ஏரி மாதிரி நின்ன தண்ணி மடக்கிப் போட்டுச்சு.

அங்க தான் அப்துல் ஹமீது. உத்தரப்பிரதேசத்துல காஜிப்பூர் பக்கத்துல தையற்காரக் குடும்பம். கம்பெனியோட பொருட்களைப் பாத்துக்கற குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார். ஒரு திறந்த ஜீப்பு, அதுல 106 மி.மீ. பீரங்கி. அதை வெச்சு பாட்டன்களை ஒண்ணொண்ணா அடிச்சார். ஒரு தடவை சுட்டா கிளம்பற புகையும் புழுதியுமே ஜீப்பைக் காட்டிக் கொடுத்துடும், உடனே இடம் மாறணும். செப்டம்பர் 10-ல கடைசியா ஒரு டாங்கியும் அவரும் ஒருத்தரையொருத்தர் பாத்துட்டாங்க. இறந்த பிறகு பரம் வீர் சக்ரா கொடுத்தாங்க. காமிக்ஸ் சார்ஜென்ட் மாதிரியே ஒரு ஆள் நிஜத்துல இருந்திருக்கார். ஆனா அடுத்த கட்டத்துல சிகரெட் பத்த வைக்க அவர் இல்ல.

*

மூணு பேர்.

அதே 1965-ல நம்ம சென்னைக்குப் பக்கத்துல ஆவடியில, கனரக வாகனத் தொழிற்சாலையில இருந்து 'விஜயந்தா' டாங்கி வெளிய வந்துச்சு. அப்புறம் டி-72, டி-90, அர்ஜுன் எல்லாம் ஆவடி தான். விஜயந்தாவுல நாலு பேர், அர்ஜுன்ல நாலு பேர். ரஷ்ய வடிவமைப்பான டி-72-ல மூணே பேர். குண்டு போடற ஆளுக்குப் பதிலா ஒரு எந்திரம். ஆள் கம்மி, வண்டி சின்னது, விலையும் கம்மி. ஆனா குண்டுகள் கோபுரத்துக்கு அடியில வட்டமா அடுக்கியிருக்கும், அது மேல தான் ஆளுங்க உக்காரணும். 1991 வளைகுடாப் போர்லயும், 2022-ல ஆரம்பிச்ச உக்ரைன் போர்லயும் கோபுரம் மட்டும் தனியாப் பறந்து விழுந்து கிடக்கற டி-72 படங்களைப் பாத்திருப்பீங்க. யூட்யூப்ல அதுக்கு மீம் எல்லாம் போடறாங்க. இப்பல்லாம் ட்ரோனுக்குப் பயந்து டாங்கி மேல கம்பிக் கூண்டு கட்டறாங்க. மேல இருந்து எடுத்த வீடியோவுல டாங்கி ஒரு தீப்பெட்டி சைஸ்ல தெரியுது. அப்புறம் புகை. அந்த வீடியோவும் கருப்பு வெள்ளைக் கட்டத்தோட அதே இடத்துல தான் முடியுது.

*

கடைசியா ஒண்ணு. கொஞ்சம் பின்னாடி போகணும்.

1971 டிசம்பர் 16. ஷக்கர்கட் பகுதி, பசந்தர் ஆறு. டாக்காவுல சரணடைஞ்ச அதே நாள். பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட்டோட செஞ்சுரியன்களை எதிர்த்து பாகிஸ்தானோட 13 லான்சர்ஸ் பாட்டன்கள் வருது. செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால், வயசு 21, அதிகாரியாகி ஆறு மாசம். அவரோட செஞ்சுரியனுக்குப் பேரு 'ஃபமகுஸ்டா'. உள்ள நாலு பேர். டாங்கி தீப்பிடிச்சப்ப திரும்பி வரச் சொல்லி ரேடியோவுல உத்தரவு வருது. பீரங்கி இன்னும் வேலை செய்யுது, வர மாட்டேன்னுட்டார். கடைசியா விழுந்த அடியில அவர் போயிட்டார். குண்டு போட்டுக்கிட்டு இருந்த சவார் நந்த் சிங்கும் அந்த டாங்கிக்குள்ள தான் உயிரை விட்டார். மத்த ரெண்டு பேர் பிழைச்சாங்க. மறுநாள் சாயங்காலம் போர் நிறுத்தம்.

முப்பது வருஷம் கழிச்சு, 2001-ல, அருணோட அப்பா பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பால் பாகிஸ்தானுக்குப் போறார். வயசு 81. பொறந்த ஊர் சர்கோதாவைச் சாகறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும்னு ஆசை. அவரை லாகூர்ல வீட்டுல தங்க வெச்சு உபசரிச்சவர் பிரிகேடியர் க்வாஜா முகமது நாசர். குடும்பமே விழுந்து விழுந்து கவனிச்சுது. கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி நாசர் அவர் கிட்ட சொன்னார், அன்னிக்கு எதிர்ல இருந்த 13 லான்சர்ஸ் மேஜர் நான் தான், உங்க பையன் செத்தது என் கையால தான்னு.

அந்த அப்பாவும் ராணுவக்காரர். ஒரு சிப்பாய் தன் கடமையைச் செஞ்சான்னு அவருக்குப் புரியும். புரிஞ்சாலும் அந்த ராத்திரி அவர் எப்படித் தூங்கியிருப்பார்? சொல்லாமலே அனுப்பி வெச்சிருக்கலாம்ங்கற நிலைமையில, முப்பது வருஷம் சுமந்ததை இறக்கி வெச்சாரே, நாசர் எப்படித் தூங்கியிருப்பார்? கமாண்டோ புத்தகத்துல கதை முடிஞ்சு அட்டை வந்துடும். நிஜத்துல ஒரு டாங்கிக்குள்ள நாலு பேர்னா, அந்த நாலு பேருக்குப் பின்னாடி நாலு வீடு இருக்கு. எதிர் டாங்கிக்கும் அதே கணக்கு.

பரண்ல இருந்த பெட்டி இப்ப என் கிட்ட தான் இருக்கு. அக்கா பையனுக்கு ஒம்போது வயசாகுது, வர்ற லீவுல அவன் கிட்ட கொடுக்கறதா இருக்கேன். அந்தச் சார்ஜென்ட்டை எனக்கு இன்னமும் பிடிக்கும், அவனுக்கும் பிடிக்கும். அவன் புகையா வரைஞ்சு தள்ளறப்ப பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு கேள்வி மட்டும் கேக்கணும்னு இருக்கேன். "ஏன்டா, இதுக்குள்ள எத்தனை பேரு?"

வர்ட்டா?